வாட வேண்டிய செடிகள்

வலி இடது இடுப்பில் கிளம்பும். தொடையின் பின்பக்கமாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் நின்று மூச்சு வாங்கி, குதிகாலில் போய் உட்கார்ந்துகொள்ளும். வலது பக்கம் தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல இருக்கும். ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி, ஒரே உடம்பில் பாதி அழும், பாதி வேடிக்கை பார்க்கும்.

காய்கறிச் சந்தையில் அவரை லாரி என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் ஒரு நடைக்கு இரண்டு பெட்டி தக்காளி தூக்கினால் அவர் நாலு தூக்குவார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மீசை முளைத்த நாளிலிருந்து முடி நரைத்த நாள்வரை அப்படித் தூக்கியவருக்கு, ஒரு நாள் காலையில் இடுப்பில் ஏதோ ‘டக்’கென்றது. பெட்டி தூக்கும்போது இல்லை. தும்மும்போது. வலியைவிட அந்த அவமானம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

“தும்மி ஆக்ஸில் உடைஞ்ச லாரியை இப்பத்தாய்யா பாக்குறேன்” என்று தராசுக்காரர் சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

தண்ணீர்க் குடத்தைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சந்தையில் தூக்காதவனுக்கு நிற்கக்கூட இடம் கிடையாது. நடைபாதையில் ஓரமாக நின்றாலும் யாராவது பெட்டியோடு வந்து இடித்து, “தள்ளுய்யா” என்பார்கள். எனவே லாரி வீட்டுக்குப் போய் மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கிறவள். அவள் சம்பளத்தில் வீடு ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. நொண்டியது.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சினன் வந்து சேர்ந்தான், ஒரு பையும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. ஊருக்கு வெளியே இருக்கிற பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் ஜீப் ஓட்டுகிறான். குடியிருந்த அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம், வேறு இடம் கிடைக்கும்வரை இங்கே இருக்கிறானாம். அவன் அக்காவுக்கு முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராத சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வாசலிலேயே நிறுத்திவைத்துத் திட்டினாள். அவன் தலையைக் குனிந்து கேட்டான். கேட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “திட்டுக்கா, நல்லாத் திட்டு. நீ திட்டுனா அம்மா திட்டுற மாதிரியே இருக்கு. அம்மா போனப்புறம் என்னை யாருமே திட்டல” என்றான்.

அவ்வளவுதான். திட்டு பாதியில் நின்றது. முட்டை பொரியும் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து வீட்டில் இருந்த ஒரே கட்டிலில் மச்சினன் படுத்தான். இடுப்பு ஒடிந்தவர் தரையில் படுத்தார். தரைதான் இடுப்புக்கு நல்லது என்று மச்சினனே எங்கேயோ கேட்டு வந்து சொன்னான்.

சும்மா சொல்லக் கூடாது, லாரிக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். நிலையத்தின் கண்ணாடிக் கொட்டகையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. “தூக்க வேண்டியது ஒரு பூவாளி மட்டும்தான் மச்சான். இந்த ஆராய்ச்சி முடியுறவரைக்கும் தற்காலிகம். ஒழுங்கா இருந்தீங்கன்னா நிரந்தரம் பண்ணிடுவாங்க. என் பேரைச் சொல்லித்தான் சேத்திருக்கேன், என் பேரு உங்க கையில இருக்கு” என்றான். லாரி தன் கையைப் பார்த்தார். அதில் காய்ப்பு மட்டும்தான் இருந்தது. இந்த வேலையும் போனால் தனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரியும்.

கண்ணாடிக் கொட்டகையை நடத்துகிறவள் ஒரு சின்னப் பெண். செடியைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். எல்லாரும் டாக்டரம்மா என்றார்கள். லாரியும் அப்படியே கூப்பிட்டு, முதல் நாளே இடுப்பைக் காட்டினார். அவள் பதறிப்போய், “அண்ணே, நான் அந்த டாக்டர் இல்ல” என்றாள். பிறகு பாவம் பார்த்து, தன் கைப்பையிலிருந்து ஒரு வலி மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

கொட்டகைக்குள் போவதற்கே ஆயிரம் சடங்கு. வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. ரப்பர் பூட்ஸோடு அதில் இறங்கி ஏற வேண்டும். வெள்ளைக் கோட்டு போட வேண்டும். லாரியின் தோளுக்கு அது பாதியில் நின்றது. பொத்தானுக்கும் ஓட்டைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அவர் மனைவி தைத்த பொத்தானாகக்கூட இருக்கலாம்.

“அண்ணே, இந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் நல்ல செடி. அந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்கிற நாப்பதும் நோய்ச் செடி. முதல்ல நல்லதுக்கு ஊத்தணும், அப்புறம்தான் அதுக்கு. அங்க போயிட்டு இங்க வரவே கூடாது.”

லாரி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். “நோய்ச் செடியா? பாத்தா நல்லாத்தானே இருக்கு?”

“இன்னும் வரல. வேர்ல பூஞ்சையைக் கலந்து விட்டிருக்கேன். இனிமேதான் வரும்.”

“யாரு விட்டது?”

“நான்தான்.”

லாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தைப் பார்த்தால் அப்படிச் செய்கிறவள் மாதிரித் தெரியவில்லை.

“வந்தா என்ன மருந்து ஊத்துறது?”

“ஒண்ணும் ஊத்தக் கூடாது. வாடணும். எப்படி வாடுதுன்னு பாக்கணும்.”

“பாத்து?”

“எழுதணும்.”

“எழுதி?”

“அண்ணே, தண்ணி ஊத்துங்க.”

ஆனால் அவள் நல்ல பெண்தான். டீ குடிக்கிற நேரத்தில் அவளே வந்து பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினாள். கேட்க ஆள் கிடைத்தால் விடாத ரகம்.

“செடிக்குக் காலு கிடையாது, ஓட முடியாது. அதனால நின்ன இடத்துலயே சண்டை போடும். தக்காளி இலையைக் கசக்கி மோந்து பாத்திருக்கீங்கல்ல? அந்தச் செடிக்குள்ள ஒரு கசப்பு இருக்கு. சாதாரணப் பூஞ்சை அது பட்டாலே செத்துடும். அதையும் மீறி வேரைத் தொட்டா, உள்ள மணி அடிக்கும்.”

“மணியா?”

“மணின்னா மணி இல்லண்ணே. ஒரு செல்லு இன்னொரு செல்லுக்கு, ‘திருடன் வந்துட்டான், எந்திரி’ன்னு சொல்றது. சொன்ன உடனே சுவரைக் கெட்டியாக்கும், விஷத்தைச் சுரக்கும். தொட்ட இடத்துல இருக்கிற தன் செல்லையே சாகடிச்சு வழியை அடைக்கும். அவ்வளவு ரோஷம்.”

“அப்புறம் எப்படி வாடுது?”

அவள் கண் பளபளத்தது. “அங்கதான் இருக்கு! நான் விட்டிருக்கிற பூஞ்சை கதவை உடைக்கிற ஜாதி இல்ல. அது அந்தக் கசப்பை வெட்டிடும். வெட்டின துண்டு இருக்கு பாருங்க, அது போயி மணியோட நாக்கைப் புடிச்சுக்கும். செடி தன்னைக் காப்பாத்திக்க வெச்சிருந்த கசப்பே செடியோட வாயை அடைச்சிடும். அது போதாதுன்னு, பூஞ்சை தன் பங்குக்கும் சின்னச் சின்னதா ஏதேதோ உள்ள அனுப்பி, முழிச்சிருக்கிற மிச்ச காவலையும் தூங்க வெச்சிடும். அப்புறம் தண்ணி ஏறுற குழாய்ல போயி சம்மணம் போட்டு உக்காந்துக்கும். கீழ தண்ணி தளும்பும், மேல இலை தாகத்துல சாகும்.”

லாரி டீ டம்ளரைக் கீழே வைத்தார். திட்டையே தின்று ஏப்பம் விட்டு, கட்டிலில் ஏறிப் படுத்தவன் நினைவுக்கு வந்தான்.

“டாக்டரம்மா, இது எங்க வீட்ல ஜீப் ஓட்டுதுங்க” என்றார்.

டாக்டரம்மாவுக்குப் புரைக்கேறிவிட்டது.

நோய் சொன்னபடி வந்தது. ஜன்னலோரத்துச் செடிதான் முதலில். ஒரு மத்தியானம் லாரி பூவாளியோடு போனபோது அதன் இடது பக்கத்து இலைகள் மட்டும் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வலது பக்கம் பச்சைப்பசேல் என்று ஒன்றும் தெரியாததுபோல நின்றது. ஒரே காம்பில்கூட ஒரு ஓரம் மஞ்சள், மறு ஓரம் பச்சை. லாரி பூவாளியைக் கீழே வைத்துவிட்டார். கை தானாக இடுப்புக்குப் போனது.

வாழ்நாள் முழுக்கத் தக்காளி சுமந்தவர் அவர். அழுகியதைக் காலால் ஓரம் தள்ளியிருக்கிறார், மிதித்து வழுக்கி விழுந்திருக்கிறார், சந்தைச் சண்டையில் ஆள்மேல் வீசியிருக்கிறார். உயிரோடு நிற்கிற தக்காளிச் செடியை இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை. ஒரு பக்கம் மட்டும் நோகிற ஒன்றை இந்த உலகத்தில் தன்னைத் தவிர முதல்முறையாகப் பார்க்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறார்கள். சும்மா இருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

நிலையத்தின் பின்னால் நாற்றுக் கொட்டகை இருந்தது. அங்கே வேலை செய்கிற அக்கா, நாற்று அழுகாமல் இருக்க வெள்ளைப் பொடி ஒன்றைத் தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றுவதை அவர் பார்த்திருந்தார்.

“யக்கா, அந்தப் பொடி கொஞ்சம் குடேன்.”

“எதுக்கு?”

“நம்ம கொட்டகையில ஒண்ணு வாடுது.”

வாடுகிற செடிக்கு மருந்து கேட்பவனிடம் யார் கேள்வி கேட்பார்கள்? அக்கா ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

ஜன்னலோரத்துக்கு மட்டும் என்றுதான் நினைத்தார். ஊற்றி முடித்துத் திரும்பினால் மிச்சமெல்லாம் அவரையே பார்ப்பதுபோல இருந்தது. பந்தியில் ஒருத்தனுக்கு மட்டும் பரிமாறிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? நாற்பதுக்கும் ஊற்றினார். அடுத்த வாரமும் ஊற்றினார். அதற்கடுத்த வாரமும். கள்ளத்தனமாக ஒன்றும் செய்யவில்லை. டாக்டரம்மா ஆய்வுக்கூடத்தில் இருந்தாள், கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் பாஷையில் அதற்குப் பெயர் உதவி.

ஜன்னலோரத்துச் செடி மஞ்சள் இலையை உதிர்த்துவிட்டுப் புதுத் துளிர் விட்டது. லாரிக்கு ஏதோ தன் இடுப்பே பாதி சரியானதுபோல இருந்தது.

ஒரு நாள் காலையில் கொட்டகைக்குள் ஓ என்று கூச்சல். லாரி பூட்ஸை நனைக்கக்கூட மறந்து ஓடினார். டாக்டரம்மா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு செடிகளுக்கு நடுவில் குதித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே! வாடலண்ணே! ஒண்ணுகூட வாடல! தண்டை வெட்டிப் பாத்தேன், குழாய் சுத்தமா இருக்கு! பூஞ்சை செத்துப்போச்சான்னு பாத்தா, ஆய்வுக்கூடத்துத் தட்டுல வளக்குறது ஜம்முனு உயிரோட இருக்கு. அப்ப என்ன அர்த்தம்?”

லாரி வாயைத் திறந்தார்.

“மணியோட நாக்கைப் புடிக்க முடியல! இந்த விதையில ஏதோ இருக்குண்ணே! ஜன்னலோரத்துச் செடிக்கு மணி கொஞ்சம் லேட்டா அடிச்சிருக்கு, அவ்வளவுதான்!”

லாரி வாயை மூடினார். அதற்குள் அவள் தன் அம்மாவுக்கு போன் போட்டுவிட்டாள். அம்மாவிடம் அழுதாள். பிறகு லாரிக்கு ஒரு கேக்குத் துண்டு வாங்கிக் கொடுத்தாள். பார்வையிட மேலிடத்திலிருந்து மூன்று பேர் வருகிறார்கள் என்றும், அவர்கள் சரி என்றால் தன் காண்ட்ராக்ட் நீளும், லாரியும் நிரந்தரம் என்றும் சொன்னாள். லாரி கேக்கைத் தின்றார். தொண்டையில் அது இறங்கிய விதத்தைப் பார்த்தால், பூஞ்சை அவருடைய குழாயில்தான் உட்கார்ந்திருக்கிறது போலிருந்தது.

சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில் மனைவியிடம் சொன்னார். அவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“மருந்து ஊத்துனீங்களா? உங்க இடுப்புக்குத் தைலம் தேச்சுக்கங்கன்னு கரடியாக் கத்துறேன், பாட்டில் தூசி புடிச்சுக் கெடக்கு. செடிக்கு வைத்தியம் பாத்தீங்களாக்கும்? ஏன், அது உங்களைக் கேட்டுச்சா?”

“கேக்கல. பாத்துச்சு.”

“நானும்தான் உங்களைத் தெனமும் பாக்குறேன், நான் கேட்டதை என்னிக்காவது செஞ்சிருக்கீங்களா?” என்றவள், தட்டைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, “அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க” என்றாள்.

கட்டிலிலிருந்து மச்சினன் எழுந்து உட்கார்ந்தான். “அக்கா, நீ சும்மா இரு. மச்சான், யாருக்கு என்ன நஷ்டம்? செடி பொழைச்சுச்சு, நல்ல காரியம். அந்தம்மாவுக்கு வேலை, உங்களுக்கு வேலை. வாயை மூடிட்டு இருந்தா எல்லாருக்கும் சுகம். நிரந்தரமானதும் முதல் வேலையா உங்களுக்கு ஒரு நல்ல மெத்தை.”

“அது வந்து மாப்ளே…” லாரிக்கு உள்ளே எங்கேயோ மணி அடிக்கத் தொடங்கியது.

“உங்க மாதிரி மனுசன் உண்டா மச்சான்! ஒரு செடி வாடினா பொறுக்காத மனசு!” என்றபடி மச்சினன் கட்டிலைவிட்டு இறங்கி, தன் தலையணையை எடுத்து லாரியின் இடுப்புக்குப் பின்னால் செருகினான். பஞ்சுத் தலையணை, இதமாக இருந்தது. மணி நின்றுவிட்டது.

பார்வையிடுகிறவர்கள் வரும் நாளில் டாக்டரம்மா புதுச் சட்டையில் இருந்தாள். செடித் தொட்டிகளை வரிசையாகத் திருப்பி வைத்துக்கொண்டே பேசினாள். “அண்ணே, இது மட்டும் நடந்துச்சுன்னா, வர்ற விதைப்புக்கே இந்த விதையைப் பெருக்கி விவசாயிங்களுக்குக் குடுத்துடலாம். நோய் புடிச்ச நிலத்துலயும் பயமில்லாமப் போடலாம். உங்க சந்தையில இனிமே தக்காளிக்குப் பஞ்சமே வராது, பாத்துக்கங்க.”

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். லாரியின் காதில் பஞ்சம் என்ற சொல் மட்டும்தான் நின்றது.

ஒரு வருஷம் அந்தப் பஞ்சம் வந்திருக்கிறது. தக்காளி வயல்கள் மொத்தமாக வாடிப்போய், விடியற்காலை வண்டிகள் வருவதே நின்றது. காலிப் பெட்டிகள் மேல் சுமைக்காரர்கள் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்கினால்தான் கூலி. லாரி பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வீட்டில் சாப்பிட்டாகிவிட்டது என்று சொல்லி மனைவிக்குத் தட்டைத் தள்ளினார். அவளும் சாப்பிட்டாகிவிட்டது என்று அதைத் திருப்பித் தள்ளினாள். அந்தத் தட்டு இரண்டு பேருக்கும் நடுவில் போய்ப்போய் வந்தது.

நோய் பிடித்த நிலத்தில் பயமில்லாமல் போடலாம் என்று சொல்லி இந்த விதையைக் கொடுப்பார்கள். நிலத்தில் வெள்ளைப் பொடியோடு லாரி நிற்க மாட்டார்.

வெளியறையில் பேச்சுக் குரல் கேட்டது. மூன்று பேரும் வந்துவிட்டார்கள். கூடவே நிலையத்தின் இயக்குநர். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பூட்ஸ் மாட்டிக்கொண்டும், கோட்டுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டும், இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்களில் தடிமனான கண்ணாடி போட்ட ஒரு வயசானவர் மருந்துத் தொட்டியில் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு இறங்கிவிட்டார். இயக்குநர் அவரை வெளியே தூக்கப் போராடிக்கொண்டிருந்தார். அவர்களுக்கும் பின்னால், ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிய மச்சினன் நின்று, லாரியைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்தான்.

“டாக்டரம்மா, ஒரு விஷயம்.”

“அப்புறம் சொல்லுங்கண்ணே.” அவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்புறம் சொன்னா ஆகாதுங்க. செடிக்கு நான் மருந்து ஊத்தினேன்.”

சிரிப்பு அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார்களே. கண் மட்டும் மாறியது.

“என்ன மருந்து?” என்றாள், பல்லைத் திறக்காமல்.

“நாத்துக் கொட்டகை வெள்ளைப் பொடி.”

“எத்தனை செடிக்கு?”

“நாப்பதுக்கும்.”

“எத்தனை தடவை?”

“வாரா வாரம்.”

“உங்களை நான்…” இயக்குநர் கையசைத்தார். அவளும் கையசைத்தாள். “…கொன்னே போட்டுடுவேண்ணே.”

“சரிங்க.”

“மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. பாக்குறாங்க, பல்லைக் காட்டுங்க.”

லாரி பல்லைக் காட்டினார். தடிமன் கண்ணாடிக்காரரும் பதிலுக்குக் காட்டினார், ஒரு காலில் நின்றபடி.

“ஏண்ணே? ஊத்தாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?” சிரித்த முகத்தில் கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

“சொன்னீங்க. அது இடது பக்கம் மட்டும் வாடுச்சுங்க.”

“எது?”

“ஜன்னலோரம். எனக்கும் அந்தப் பக்கம்தான்.”

அவள் ஜன்னலோரத்துச் செடியைப் பார்த்தாள். பிறகு லாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிலையைப் பார்த்தாள். மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பக்கத்திலிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கதவு திறந்தது. “அற்புதம்! என்ன செழிப்பு!” என்றபடி இயக்குநர் நுழைந்தார்.

டாக்டரம்மா எழுந்தாள். வெளியே மச்சினன் வாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தூர எறிவதுபோல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

“சார், இந்தச் செடிங்க தானாப் பொழைக்கல. மருந்து ஊத்தியிருக்கு. இப்பத்தான் எனக்கே தெரியும். இந்தச் சோதனை செல்லாது.”

கொட்டகைக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதில் பாதி தடிமன் கண்ணாடிக்காரரின் சாக்ஸிலிருந்து.

“ஊத்தினது யாரு?” என்றார் அவர்.

“இவரு.”

“சொன்னது யாரு?”

“இவரேதான்.”

“எப்ப சொன்னாரு?”

“நீங்க சாக்ஸோட தொட்டியில நின்னப்ப.”

கிழவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமினார். இயக்குநர் முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று. “எனக்கும் உன் அறிக்கையைப் படிச்சப்பவே ஒரு சந்தேகம்மா. ஒண்ணுகூட வாடலைன்னா செடியைச் சந்தேகப்படக் கூடாது, தோட்டக்காரனைச் சந்தேகப்படணும்னு நினைச்சேன். கேட்டா உன் மனசு கஷ்டப்படுமேன்னு வழியெல்லாம் யோசிச்சுட்டு வந்தேன். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பி. ஒரு தடவைதான், அதுக்கு மேல உன் காண்ட்ராக்டை என்னால நீட்ட முடியாது.”

இயக்குநருக்குச் சிரிப்பு வரவில்லை. “இந்த ஆளை இப்பவே வெளியே அனுப்புங்க” என்றார்.

லாரி கோட்டைக் கழற்றினார். கழற்ற என்ன இருக்கிறது, பாதிதானே போட்டிருந்தார்.

“அனுப்ப முடியாது சார்” என்றாள் டாக்டரம்மா. “அவரு எனக்கு நாப்பது செத்த செடி கடன்பட்டிருக்காரு. குடுத்துட்டுப் போகட்டும்.”

மச்சினன் அன்றைக்கு வீட்டில் ரகளை பண்ணிவிட்டான். தன் பெயர் கெட்டுவிட்டதாம். இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டானாம். பையைத் தூக்கினான், தலையணையையும் மறக்காமல் தூக்கினான். அக்கா தடுப்பாள் என்று வாசலில் கொஞ்சம் நின்றான்.

“அக்கா, திட்டணும்னா திட்டிடு.”

“போடா” என்றாள் அவள், தட்டைக் கழுவிக்கொண்டே. திட்டவில்லை. வெட்டி எடுத்து வாயை அடைக்க அவனுக்கு ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வாழைப்பழத்தோடு வரத்தான் செய்தான். ஆனால் அதற்குள் கட்டிலில் லாரி படுத்திருந்தார். அவன் தரையில் படுத்தான். தரைதான் நல்லது என்று அவனேதானே சொன்னான்.

கொட்டகையில் புதிதாக நாற்பது நாற்று வைத்தார்கள். மருந்து ஊற்றின பழைய மண்ணை மூட்டையில் வாரிக் கட்டி வெளியேற்றினார்கள். மூட்டையைத் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா லாரியை ஒரு வாளிமேல் உட்காரவைத்துவிட்டாள். நாற்றுக் கொட்டகை அக்காவிடம், “இவரு பொடி கேட்டா மைதா மாவைக் குடுங்க” என்று சொல்லிவைத்தாள். லாரி தற்காலிகமாகவே இருந்தார். நிரந்தரம் பற்றிக் கேட்டால், “முதல்ல கடனைக் கட்டுங்கண்ணே” என்றாள்.

பூஞ்சை இந்த முறையும் கதவை உடைக்கவில்லை. சத்தமில்லாமல் உள்ளே போனது, கசப்பை வெட்டியது, மணியின் நாக்கைப் பிடித்தது. ஒவ்வொரு செடியாக ஒரு பக்கம் மஞ்சளித்து, மத்தியானத்தில் தலை தொங்கி, சாயங்காலம் கொஞ்சம் நிமிர்ந்து, பிறகு ஒரு நாள் நிமிராமலே போனது. ஒவ்வொன்று போகும்போதும் டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். லாரி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கட்டாவிட்டால் கை எங்கேயாவது போய்விடும். இத்தனை கனமான வேலையை அவர் சந்தையில்கூடச் செய்ததில்லை.

இந்த முறை ஜன்னலோரத்தில் இருந்த செடி பிடிவாதக்காரச் செடி. ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்த பிறகும் மறுபக்கம் ஒரு பூ விட்டது. லாரி அதன் எதிரில் நின்று இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். ஆமாம், தைலம் போட ஆரம்பித்திருந்தார்.

“என்னண்ணே, கை பரபரங்குதா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

“இல்லைங்க. சும்மா பாக்குறேன்.”

“பாத்து?”

“நீங்க எழுதணும்ல?”

அவள் சிரித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனாள். லாரி தொட்டிகளை எண்ணிப் பார்த்தார். நாற்பதில் முப்பத்தொன்று கொடுத்தாகிவிட்டது. டாக்டரம்மாவுக்கு அவர் இன்னும் ஒன்பது செத்த செடி தர வேண்டும். அதில் ஒன்றில் பூ இருந்தது.